வரிசையும் மேடையும்: புனே பள்ளிகளை முன்வைத்து ஒரு பழைய கேள்வி

உயர்நிலைப் பள்ளியின் ஓராண்டில் பாடவேளைக்குள் அடங்காத நேரம் கொஞ்சமல்ல. தினமும் காலை வணக்கக் கூட்டம் உண்டு. தலைவர்களின் பிறந்தநாள், விளையாட்டு விழா, அறிவியல் கண்காட்சி, சுற்றுலா, ஆண்டு விழா என்று ஒன்று மாற்றி ஒன்று வரும். ஆண்டு விழாவுக்கு முன் வாரக்கணக்கில் ஒத்திகை நடக்கும். இவ்வளவு நேரமும் எதற்காக? இதற்கு ஒன்றரை நூற்றாண்டாகப் பதில் சொல்லிவருகிறார்கள். ஒழுக்கத்துக்காக, தேசத்துக்காக, முழு ஆளுமைக்காக என்று மூன்று பெரிய பதில்கள் உண்டு. இவற்றை மறுத்து, இதெல்லாம் ஏற்கெனவே இருக்கிற ஏற்றத்தாழ்வுக்குப் போடும் அலங்காரம்தான் என்பது நான்காவது.

புனேயை எடுத்துக்கொள்ளக் காரணம் உண்டு. சாவித்திரிபாய், ஜோதிராவ் புலே இணையர் 1848இல் பெண்களுக்குப் பள்ளி திறந்த ஊர் அது. திலகரும் விஷ்ணுசாஸ்திரி சிப்ளூண்கரும் 1880இல் நியூ இங்கிலிஷ் ஸ்கூலைத் தொடங்கியதும் அங்கேதான். மிஷனரிப் பள்ளி, சீர்திருத்தப் பள்ளி, தேசியப் பள்ளி, சோதனைப் பள்ளி என்று நான்கு வகையும் ஒரே நகரத்தில் தலைமுறைகளாக நடந்துவருகின்றன. மகாராஷ்டிர மாநிலத் தேர்வு வாரியத்தின் தலைமையகமும் இந்த ஊரில்தான் இருக்கிறது. விழாவும் தேர்வும் இவ்வளவு நெருங்கி வாழும் ஊர்கள் அதிகமில்லை.

ஓர் ஆண்டின் நாட்காட்டி

மாநிலப் பாடத்திட்டப் பள்ளிகள் ஜூன் நடுவில் திறக்கின்றன. காலைக் கூட்டத்துக்கு மராத்தியில் 'பரிபாட்' என்று பெயர். தமிழ்நாட்டில் பிரேயர் என்ற ஒரே சொல்லில் அடக்கிவிடுவதை அங்கே உருப்படி உருப்படியாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள்: தேசிய கீதம், உறுதிமொழி, அரசியலமைப்பின் முகப்புரை, பிரார்த்தனை, அன்றைய நாளின் சிறப்பு, நற்சிந்தனை, செய்தி, நீதிக்கதை, கூட்டுப்பாடல், சில நொடி மௌனம். பல பள்ளிகளில் ஞானேசுவரர் தம் ஞானேசுவரியின் முடிவில் வைத்த 'பசாயதான்' வேண்டுதலும் ஒலிக்கும். 2023 பிப்ரவரி முதல் மாநிலப் பாடலும் சேர்ந்துகொண்டது. புனேயின் கட்கியிலும் தேஹு ரோட்டிலும் வளரும் தமிழ்க் குடும்பத்துப் பிள்ளைகளும் இத்தனையையும் மனப்பாடமாகச் சொல்வார்கள்.

பள்ளி திறந்த சூட்டோடு ஆஷாட ஏகாதசி வந்துவிடும். ஆளந்தியிலிருந்தும் தேஹுவிலிருந்தும் புறப்படும் பல்லக்குகள் புனே வழியாகத்தான் பண்டரிபுரம் போகின்றன. பள்ளிகளும் தம் பங்குக்கு 'திண்டி' என்ற சிறு ஊர்வலம் நடத்தும். பிள்ளைகள் வார்கரி என்ற பண்டரிபுர யாத்திரிகர் வேடத்தில் தாளம் தட்டிக்கொண்டு நடப்பார்கள். ஆகஸ்ட், செப்டம்பரில் சுதந்திர தினம், பிள்ளையார் சதுர்த்தி, ஆசிரியர் தினம். நவராத்திரியில் பெண்பிள்ளைகள் யானைப் படத்தை நடுவில் வைத்துச் சுற்றி வந்து பாடும் போண்டலா. பாடி முடித்ததும் டப்பாவுக்குள் என்ன தின்பண்டம் என்று ஊகிப்பதுதான் அதில் பாதிச் சுவை.

அக்டோபர் 15 வாசிப்புத் தூண்டுதல் நாள். அது ராமேசுவரத்துக்காரரான அப்துல் கலாமின் பிறந்தநாள். 2015 முதல் மகாராஷ்டிரம் அதை இப்படிக் கொண்டாடுகிறது. நவம்பர் 7 மாணவர் நாள். 1900இல் அந்தத் தேதியில் அம்பேத்கர் சாத்தாராவில் பள்ளியில் சேர்க்கப்பட்டார் என்பதால் மாநில அரசு 2017இல் அறிவித்தது. சில ஆண்டுகளில் அது தீபாவளி விடுமுறைக்குள் விழுந்து ஓசையின்றிப் போய்விடும். நவம்பர் 26 அரசியலமைப்பு நாள், ஜனவரி 3 சாவித்திரிபாயின் பிறந்தநாள், பிப்ரவரி 19 சிவாஜி ஜயந்தி, 27 மராத்தி மொழி நாள், 28 அறிவியல் நாள். நடுவில் டிசம்பர், ஜனவரியில் 'ஸ்நேஹ சம்மேளன்' என்ற ஆண்டு விழா. பேச்சுவழக்கில் எல்லோருக்கும் அது 'கேதரிங்'தான்.

இந்தப் பட்டியலைக் கூர்ந்து பார்த்தால் ஒன்று தெரியும். அதில் சேர்ந்தவை பல, நீங்கியவை மிகச் சில. ஒவ்வோர் அரசும் ஒரு நாளையோ பாடலையோ கூட்டுகிறது. ஒரு மகானை நாட்காட்டியிலிருந்து எடுக்கும் துணிவு யாருக்கும் வருவதில்லை. வண்டல்போலப் படிந்த இந்த அடுக்குகளில் ஒவ்வொன்றும் ஒரு பழைய பதிலின் மிச்சம்.

முதல் பதில்: ஒழுக்கம்

காலைக் கூட்டத்தின் ஐரோப்பிய மூதாதை பள்ளித் தேவாலயம். 1828இல் இங்கிலாந்தின் ரக்பி பள்ளிக்குத் தலைமையாசிரியராக வந்த தாமஸ் அர்னால்டு பாடத்தைவிடக் குணத்துக்கே முதலிடம் என்றார். பிரசங்க மேடையும், மூத்த மாணவரைக் கொண்டு இளையவரை அடக்கும் முறையும் அவருடைய கருவிகள். அந்த மரபு இந்தியாவுக்குக் கப்பலேறி வந்தது. புனேயின் பிஷப்ஸ் பள்ளி 1864இலும் செயின்ட் வின்சென்ட் பள்ளி 1867இலும் தொடங்கப்பட்டவை. 'ஹவுஸ்' என்று மாணவரை அணி பிரிப்பதும் மாணவர் தலைவர் சட்டையில் குத்தும் பேட்ஜும் இன்று தமிழ்வழிப் பள்ளிவரை வந்துவிட்டன.

இதற்கு உள்நாட்டு வடிவமும் உண்டு. ஔந்து சமஸ்தானத்து அரசர் பவான்ராவ் பந்த் பிரதிநிதி தம் பள்ளிகளில் சூரிய நமஸ்காரத்தைப் பயிற்சியாக்கினார். புனேயில் 1924இல் கேப்டன் தாம்லே தொடங்கிய மகாராஷ்டிரிய மண்டல் உடற்பயிற்சியைக் கல்வியின் நடுவே வைத்தது. உடல் ஒழுங்குக்கு வந்தால் மனமும் வரும் என்பதே இவற்றுக்கு அடியிலிருந்த நம்பிக்கை.

அந்த நம்பிக்கையின் பலவீனத்தைச் சுட்டுவதற்கு எமில் துர்க்கைம் துணைக்கு வருவார். 1902–03இல் பாரிசில் ஒழுக்கக் கல்வி பற்றி ஆற்றிய விரிவுரைகளில் அவர் ஒழுக்கத்துக்கு மூன்று கூறுகள் சொன்னார்: கட்டுப்பாடு, குழுவோடு ஒட்டுதல், தன்னறிவோடு ஏற்கும் சுதந்திரம். காலை வரிசை முதல் இரண்டுக்கும் நன்றாகப் பயன்படுகிறது. மூன்றாவதற்கு அதில் இடமே இல்லை. பி.டி. மாஸ்டரின் விசிலுக்கு நேராக நிற்கும் பிள்ளைக்குக் கீழ்ப்படிதல் பழகியிருக்கிறது. ஒழுக்கமும் பழகியதா என்பது அவர் போன பிறகு தெரியவேண்டிய விஷயம்.

மௌனம் என்ற சமரசம்

பல சமயத்தார் படிக்கும் பள்ளியில் எந்தப் பிரார்த்தனை? 1952இல் நியமிக்கப்பட்ட இடைநிலைக் கல்வி ஆணையத்துக்குத் தலைவர் சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் ஆ. லட்சுமணசாமி முதலியார். சமயக் கல்வி தந்தால் அது விருப்பத்தின் பேரில், பள்ளி நேரத்துக்கு வெளியே இருக்கட்டும் என்பது அந்த ஆணையத்தின் நிலை. ஆறேழு ஆண்டு கழித்து, முன்பு சென்னைக்கும் பிறகு பம்பாய்க்கும் ஆளுநராயிருந்த ஸ்ரீபிரகாசாவின் குழு வேறு வழி சொன்னது: நாளைச் சில நிமிட மௌனத்தோடு தொடங்கலாம். பரிபாட்டின் கடைசியில் வரும் மௌனத்தை அந்த யோசனையின் தூரத்து உறவு என்று கொள்ளலாம். ஆனால் மௌனமும் வழக்குக்குத் தப்பவில்லை. அலபாமா மாநிலத்துப் பள்ளிகளில் பிரார்த்தனைக்கென்று ஒதுக்கிய மௌன நிமிடத்தை அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1985இல் செல்லாதென்றது.

இந்தியச் சட்டத்தின் சட்டகம் தெளிவாகத்தான் இருக்கிறது. முழுக்க அரசுப் பணத்தில் நடக்கும் பள்ளியில் சமயக் கல்வி கூடாது. அரசு அங்கீகாரமோ உதவியோ பெற்ற பள்ளியில் சமய வழிபாட்டுக்கு யாரையும் சம்மதமின்றி உட்படுத்தக் கூடாது. அரசியலமைப்பின் 28ஆம் பிரிவு சொல்வது இவ்வளவே. பிரார்த்தனையில் கைகூப்ப மறுத்த நாசிக் ஆசிரியர் ஒருவரைக் கட்டாயப்படுத்த முடியாதென்று பம்பாய் உயர் நீதிமன்றம் 2013இல் சொன்னது. கேந்திரிய வித்யாலயங்களின் சமஸ்கிருதப் பிரார்த்தனை சமயமா பண்பாடா என்ற வழக்கை உச்ச நீதிமன்றம் 2019இல் பெரிய அமர்வுக்கு அனுப்பியது. 'பண்பாடு' என்ற சொல் இந்த விவாதத்தில் ஒரு சுங்கச்சாவடி. எந்தப் பாடலும் அந்தப் பெயரைச் சொல்லிக் கடந்துவிடலாம்.

இரண்டாம் பதில்: தேசம்

திலகர் தலைமுறைக்குப் பள்ளியே தேசப்பணி. அரசின் கையை எதிர்பார்க்காமல் சம்பளத்தைக் குறைத்துக்கொண்டு நடத்திய பள்ளி அவர்களுடையது. அந்த உணர்ச்சி வகுப்புக்கு வெளியே வழிந்ததும் ஆட்சியாளருக்கு அச்சம் வந்தது. மாணவர்கள் அரசியல் கூட்டங்களுக்குப் போகக் கூடாதென்று 1907இல் ரிஸ்லி சுற்றறிக்கை பிறந்தது. சுதந்திர இந்தியா தடையை எடுத்துவிட்டுக் கடமையை வைத்தது. இரண்டுமே மேலிருந்து வரும் சுற்றறிக்கைகள் என்பதைத் தேசியக் கல்வி வரலாறுகள் அவ்வளவாகக் கவனிப்பதில்லை.

நாடெங்கும் பாடநூலின் முதல் பக்கங்களில் அச்சாகும் உறுதிமொழியின் கதை சுவையானது. 1962இல் விசாகப்பட்டினத்தில் மாவட்டக் கருவூல அதிகாரியாயிருந்த பைடிமர்ரி வெங்கட சுப்பாராவ் அதைத் தெலுங்கில் எழுதினார். 1964இல் பெங்களூரில் எம்.சி. சாக்ளா தலைமையில் கூடிய மத்தியக் கல்வி ஆலோசனை வாரியம் அதை ஏற்றது. 1965 ஜனவரி 26 முதல் பள்ளிகளுக்கு வந்தது. எழுதியவர் பெயர் வெகுகாலம் பலருக்குத் தெரியாமலேயே கோடிக்கணக்கான வாய்கள் அதைச் சொல்லின. மகாராஷ்டிர அரசு 2020 குடியரசு நாள் முதல் முகப்புரை வாசிப்பைக் காலைக் கூட்டத்தில் வலியுறுத்தியது. பற்றைச் சொல்லும் உறுதிமொழியும் உரிமையைச் சொல்லும் முகப்புரையும் அடுத்தடுத்து வருகின்றன. ஒன்று மற்றொன்றைத் திருத்துகிறதா, அல்லது தினசரி ஒப்பித்தலில் இரண்டும் ஒரே ராகமாகிவிடுகின்றனவா என்பது ஆராயத் தக்கது.

ஆய்வாளர்களில் வெரோனிக் பெனெயியின் 2008ஆம் ஆண்டு நூல் இங்கே முக்கியமானது. கோலாப்பூரில் மராத்திவழிப் பள்ளிகளைக் கூர்ந்து கவனித்த அவர், தேசம் பிள்ளைகளிடம் கருத்தாக வந்து சேர்வதற்கு முன்பே குரலாகவும் நிற்கும் நிலையாகவும் தாய்மொழிப் பாசமாகவும் சேர்ந்துவிடுகிறது என்று காட்டினார். வாதம் வலுவானது. ஆனால் அவர் பார்த்தவை பெரும்பாலும் தொடக்கப் பள்ளிகள். ஏழு வயதில் தொண்டை கிழியப் பாடும் பிள்ளை பதினைந்து வயதில் உதட்டை மட்டும் அசைக்கும். அந்த உதட்டசைவை எதிர்ப்பு என்பதா, சலிப்பு என்பதா, வெறும் தூக்கக் கலக்கம் என்பதா? உயர்நிலை வகுப்புகளைப் பற்றிச் சொல்ல அந்த ஆய்வை நேராக நீட்டிக்க முடியாது.

விலகி நிற்கும் உரிமையை வரையறுத்தது கேரளத்து வழக்கு. யெகோவாவின் சாட்சிகள் என்ற பிரிவைச் சேர்ந்த மூன்று பிள்ளைகள் தேசிய கீதம் ஒலிக்கும்போது மரியாதையாக எழுந்து நின்றார்கள், பாடவில்லை. 1985இல் பள்ளி அவர்களை நீக்கியது. 1986இல் பிஜோ இம்மானுவேல் வழக்கில் உச்ச நீதிமன்றம் அந்த நீக்கத்தை ரத்து செய்தது. தமிழ்நாட்டில் 2017இல் நடந்தது வேறு மாதிரி. ஆசிரியர் தேர்வில் வந்தே மாதரம் முதலில் எந்த மொழியில் எழுதப்பட்டது என்ற கேள்விக்கு மதிப்பெண் இழந்த ஒருவர் சென்னை உயர் நீதிமன்றம் போனார். மதிப்பெண்ணோடு நிற்காமல், பள்ளிகளில் வாரம் ஒருமுறையாவது அந்தப் பாடலைப் பாடவேண்டும் என்ற உத்தரவும் பிறந்தது. தக்க காரணம் உள்ளவரை வற்புறுத்தக் கூடாது என்ற விலக்கும் கூடவே வந்தது. ஒரு மதிப்பெண்ணுக்குப் போட்ட வழக்கு மாநிலத்துப் பிள்ளைகள் அனைவருக்கும் பாட்டு வகுப்பாக முடிந்தது.

விலக்குரிமை காகிதத்தில் இருப்பது வேறு, ஐநூறு பேர் பாடும் வரிசையில் ஒரு பிள்ளை வாயை மூடி நிற்பது வேறு. தீர்ப்புகள் முதலாவதைப் பற்றியவை.

மூன்றாம் பதில்: முழு ஆளுமை

ஜான் டூயி 1899இல் பள்ளியைச் சிறு சமூகம் என்று கண்டார். 1937இல் வார்தா மாநாட்டிலிருந்து கிளம்பிய காந்தியின் ஆதாரக் கல்வி கைத்தொழிலைப் பாடத்தின் நடுவுக்குக் கொண்டுவந்தது. முதலியார் ஆணையம் 1953 அறிக்கையில் மன்றங்களையும் விளையாட்டையும் சாரணர் இயக்கத்தையும் பாடத்தோடு ஒட்டியவையாகவே நடத்தச் சொன்னது. 2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை பாடம், பாட இணைச் செயல்பாடு என்ற சுவரே வேண்டாம் என்கிறது. 6 முதல் 8 வரையான வகுப்புகளில் பத்து நாள் புத்தகப்பை இல்லாத காலம் என்கிறது. சொல்லும் பொருளும் ஏறக்குறைய அப்படியே திரும்பி வருகின்றன. ஒரே பரிந்துரையைத் தலைமுறைக்கு ஒருமுறை புதிதாகச் சொல்ல நேர்கிறதென்றால் அதன் செயலாக்கத்தில்தான் ஏதோ சிக்கல்.

புனேயில் இந்தப் பதிலின் தீவிர வடிவம் ஞான பிரபோதினி. உளவியல் அறிஞர் வி.வி. பெண்ட்சே 1962இல் தொடங்கிய அமைப்பு அது. 1969இல் பள்ளியாகவும் வளர்ந்தது. கள ஆய்வு, கிராமப் பயணம், முகாம், ஈட்டி போன்ற கோலை ஏந்தி ஆடும் பர்ச்சி நடனம் ஆகியவை அங்கே கல்வியின் உடலாகவே கருதப்பட்டன. பிள்ளையார் ஊர்வலத்தில் இன்று புனேயின் அடையாளமாகிவிட்ட டோல்-தாஷா மேளக் குழுக்களைப் பள்ளி மாணவரிடம் கொண்டுவந்த பெருமையையும் பெண்ட்சேக்குப் பலர் தருகிறார்கள். ஒரு பள்ளியின் செயல்பாடு ஊரின் விழா முகத்தையே மாற்றியது என்பதற்கு இதைவிட நல்ல சான்று கிடைப்பது அரிது. அதே சமயம் அது தேர்வு வைத்துத் திறனுள்ளவரைச் சேர்த்துக்கொள்ளும் பள்ளி. அங்கே விளைந்தது முறையின் பலனா, தேர்ந்தெடுத்த பிள்ளைகளின் பலனா என்பதை எளிதில் பிரித்துச் சொல்ல முடியாது.

இதே சந்தேகம் இந்தத் துறை ஆய்வுகள் முழுவதையும் தொடர்கிறது. செயல்பாடுகளில் பங்கெடுப்பவர்கள் நன்றாகப் படிக்கிறார்கள், பள்ளியைவிட்டு நிற்பதில்லை என்ற வகை முடிவுகள் உலகெங்கும் உண்டு. நன்றாகப் படிக்கிறவரையும் நிலையான வீட்டிலிருந்து வருகிறவரையும்தானே ஆசிரியர் முதலில் மேடைக்குக் கூப்பிடுகிறார் என்ற எதிர்க்கேள்விக்கு அவற்றில் பல தடுமாறுகின்றன. ஜேம்ஸ் கோல்மன் 1961இல் அமெரிக்க உயர்நிலைப் பள்ளிகளைப் பார்த்து நேர்மாறாகவே கவலைப்பட்டார்: பந்தாட்ட வீரனுக்குக் கிடைக்கும் மதிப்பு படிப்பாளிக்குக் கிடைக்காததால் விளையாட்டு படிப்பின் ஆற்றலைத் தின்றுவிடுகிறது. இந்தக் கவலை இந்தியாவுக்கு அப்படியே பொருந்தாது. இங்கே தின்பது தேர்வு.

அதற்கும் அதிகாரிகள் வழி கண்டார்கள். மகாராஷ்டிரத்தில் விளையாட்டுக்கும் மரபுக் கலைகளுக்கும், எலிமென்டரி, இன்டர்மீடியட் ஓவியத் தேர்வுகளுக்கும் பத்தாம் வகுப்பில் கூடுதல் மதிப்பெண் உண்டு. சி.பி.எஸ்.இ. 2009இல் கொண்டுவந்த தொடர் மதிப்பீடு எல்லாச் செயல்பாட்டையும் தரமிட முயன்று 2017இல் கைவிடப்பட்டது. மதிப்பெண் கொடுக்காவிட்டால் பெற்றோர் அனுப்புவதில்லை, கொடுத்தாலோ ஓவியம் வரைவதும் ட்யூஷனாகிவிடுகிறது. கல்வித்துறைக்குள் பலரும் அறிந்த இந்த முடிச்சை இதுவரை யாரும் அவிழ்த்ததாகத் தெரியவில்லை.

மறுப்பு: மேடையில் யார்?

பிரெஞ்சுச் சமூகவியலர் பியர் பூர்தியூ வழிவந்தவர்கள் மூன்று பதில்களையும் ஒருசேர மறுப்பார்கள். பேச்சுத் தெளிவு, இசைப் பயிற்சி, கூச்சமின்மை போன்றவை வீட்டிலிருந்தே வருகின்றன. மேடை அவற்றைத் திறமையென்று முத்திரை குத்துகிறது. அனெட் லாரோவின் 2003ஆம் ஆண்டு நூல் அமெரிக்க நடுத்தர வர்க்கத்துப் பிள்ளைகளின் மாலை நேரம் பயிற்சி வகுப்புகளால் நிரம்பியிருப்பதையும் உழைக்கும் வர்க்கத்துப் பிள்ளைகளுடையது அப்படியில்லை என்பதையும் விரித்துச் சொன்னது. புனேயில் வசதியான பள்ளிகளின் கேதரிங் வாடகை அரங்குகளில் நடக்கிறது. உடை, நடன ஆசிரியர், ஒப்பனை எல்லாவற்றுக்கும் வீட்டிலிருந்து பணம் போகவேண்டும். மாநகராட்சிப் பள்ளியின் விழாவோ முற்றத்திலேயே நடந்துவிடும்.

பாலினத்திலும் இந்தக் கேள்வி எழும், ஆனால் விடை அவ்வளவு நேரானதல்ல. மகாதேவ் கோவிந்த ரானடே முதலானோர் 1884இல் தொடங்கிய ஹுஜூர்பாகா பெண்கள் பள்ளியைப் போன்ற இடங்களில் பெண்களுக்குப் பேசவும் ஆடவும் கூடவும் வீட்டுக்கு வெளியே கிடைத்த முதல் மேடை பள்ளிதான். இடுப்பில் டோல் கட்டிக்கொண்டு வீதியில் அடிக்கும் இன்றைய பெண்களுக்கும் பின்னால் பள்ளிக் குழுக்கள் உண்டு. மேடை ஏற்றத்தாழ்வைப் பெருக்குகிறது என்பது உண்மையானால், சில வேளை அது வீடு மறுத்ததைத் தருகிறது என்பதும் உண்மை. மறுப்பாளர்கள் இந்த இரண்டாவதைக் குறைத்தே சொல்கிறார்கள்.

பிரித்தறியப்படாத இரண்டு பொருள்கள்

நான்கு தரப்பையும் அருகருகே வைத்தால், அவர்கள் பேசுவது ஒரே பொருளைப் பற்றியல்ல என்று தோன்றுகிறது. ஒழுக்கத்தையும் தேசத்தையும் சொல்பவர்கள் கண்முன் இருப்பது வரிசை. ஆளுமையைச் சொல்பவரும் அவரை மறுப்பவரும் பார்ப்பது மேடையை. வரிசை எல்லோரையும் சேர்த்துக்கொள்கிறது. துப்புரவுத் தொழிலாளியின் மகளும் மருத்துவரின் மகளும் ஒரே நேர்க்கோட்டில் நிற்கிறார்கள், ஆனால் நிற்காமலிருக்க இருவருக்கும் வழியில்லை. மேடைக்கு விரும்பி வரலாம், ஆனால் விரும்பியவரில் சிலருக்குத்தான் இடம். சமத்துவம் வேண்டுமென்றால் கட்டாயமும் சேர்ந்து வருகிறது, விருப்பத்துக்கு இடம் தந்தால் தேர்வு சேர்ந்து வருகிறது. நான் படித்த அளவில் எந்தப் பதிலும் இதை முழுதாகத் தாண்டவில்லை.

தாண்டுவதற்கு அருகில் வந்தது 1964இல் வெளியான ஒரு பழைய ஆய்வு. ரோஜர் பார்க்கரும் பால் கம்ப்பும் கான்சாஸ் மாநிலத்தில் பெரிய பள்ளிகளையும் சிறிய பள்ளிகளையும் ஒப்பிட்டார்கள். பெரிய பள்ளியில் செயல்பாடுகள் கூடுதலாக இருந்தாலும் பலர் பார்வையாளராகவே நின்றுபோனார்கள். சிறிய பள்ளியில் ஆள் போதாததால் கூச்சக்காரரும் கூட ஏதாவது பொறுப்பேற்க நேர்ந்தது. புனேயின் பெயர்பெற்ற பள்ளிகள் பலவும் காலை, மதியம் என்று இரண்டு ஷிப்டில் ஆயிரக்கணக்கானோரை நடத்துபவை. வகுப்புவாரியாகச் சிறு விழா, முறைவைத்து எல்லா மாணவரும் நடத்தும் பரிபாட் போன்ற ஏற்பாடுகள் அங்கே அந்தச் சிறிய அளவைச் செயற்கையாக உண்டாக்கக்கூடும். முறைவைத்து நடத்துவது பல பள்ளிகளில் வழக்கத்திலும் உண்டு. ஆனால் பிள்ளைகளின் முறை வரும்போது உருப்படிகள் ஏற்கெனவே தீர்மானமாகியிருக்கும். அவர்கள் தேர்ந்தெடுப்பது நற்சிந்தனையையும் செய்தியையும் மட்டும்.

உருப்படியை முடிவுசெய்வது யார் என்ற கேள்வி மேடையேறும் விருந்தாளிக்கும் பொருந்தும். 2024இல் சென்னையின் அரசுப் பெண்கள் மேல்நிலைப் பள்ளி ஒன்றில் சொற்பொழிவாளர் ஒருவர் உடல் குறைபாட்டை முற்பிறவிப் பாவத்தோடு சேர்த்துப் பேசினார். பார்வைக் குறைபாடுள்ள ஆசிரியர் ஒருவர் அங்கேயே எழுந்து எதிர்த்தார். பிறகு யாரை அழைக்கலாம் என்ற விதிமுறைகளைப் பற்றிய பேச்சு நடந்தது. கேட்டுக்கொண்டிருந்த மாணவிகளுக்கு எதிர்க்கேள்வி கேட்க இடமிருந்ததா என்பது அந்த விவாதத்தில் சிறிதளவே வந்தது. பிள்ளையைப் பாதிக்கும் விஷயத்தில் பிள்ளையின் கருத்துக்கு மதிப்பு வேண்டும் என்கிறது ஐ.நா. குழந்தை உரிமை உடன்படிக்கையின் 12ஆம் பிரிவு. இந்தியா 1992இல் அதில் இணைந்தது. பள்ளி முற்றத்தில் அந்தப் பிரிவு எப்படிச் செயல்படும் என்பதற்கு இந்திய அனுபவம் இன்னும் மெலிந்ததே.

தீராமல் நிற்பவை இன்னும் சில உண்டு. உதட்டசைவின் பொருளை உயர்நிலை வகுப்புகளில் யாராவது பொறுமையாகக் கவனிக்கவேண்டும். சேர்த்துக்கொண்டே போகும் பரிபாட்டிலிருந்து ஓர் உருப்படியைக் குறைக்கும் அதிகாரம் பள்ளிக்கு உண்டா, அரசுக்கு மட்டுமா என்பதும் தெளிவில்லை. பத்தாம் வகுப்பின் நிலை தனி. தீபாவளி முடிந்ததும் அந்த மாணவர்களைச் செயல்பாடுகளிலிருந்து விலக்கிவைப்பது பல பள்ளிகளில் சொல்லாத விதி. டிசம்பரில் தம்பி தங்கைகள் ஒத்திகை பார்க்கும்போது அவர்கள் மாதிரித் தேர்வு எழுதிக்கொண்டிருப்பார்கள். காலை வரிசையில் மட்டும் கடைசி நாள்வரை அவர்களுக்கு இடம் உண்டு.